சரிவே இல்லாத கால்வாய்

சென்னையின் வரைபடத்தை உற்றுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். வடக்கே எண்ணூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை, கடற்கரைக்கு இணையாக ஒரு நீலக்கோடு ஓடுகிறது. பல இடங்களில் அதற்கும் கடலுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதுதான் பக்கிங்காம் கால்வாய். இன்று அதை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோம். ஆனால் நம் தாத்தா காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் தோணிகளில் இதன் வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. சரக்கு ஏற்றி இறக்கத்தான் இதை வெட்டினார்கள். சந்தேகமும் அங்கேதான் பிறக்கிறது. வங்காள விரிகுடாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு நீர்வழியை ஏன் மண்வெட்டியால் தோண்ட வேண்டும்? கடலைத் தூர்வார வேண்டியதில்லை, அதில் ஆழத்துக்கும் பஞ்சமில்லை.

விடையைக் கடலிலிருந்தே தொடங்கலாம். சோழமண்டலக் கடற்கரை ஏறக்குறைய நேராகக் கிடக்கும் மணற்கரை. கப்பல் ஒதுங்கி நிற்க இயற்கையான குடா எதுவும் சென்னைக்கு அருகில் கிடையாது. ஆழ்கடலில் சாதுவாக ஏறி இறங்கும் அலை, கரையை நெருங்கும்போது கடலடித் தரையின் தடையை உணர ஆரம்பிக்கிறது. அதன் வேகம் குறைகிறது, பின்னால் வரும் நீர் நெருக்குகிறது, அலை உயர்கிறது. உயரம் அந்த இடத்து ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும் நிலைகொள்ள முடியாமல் முன்பக்கமாகக் கவிழ்ந்து உடைகிறது. மதராஸ் வந்த கப்பல்கள் இந்த அலை உடையும் பட்டைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றுவிடும். ஆளும் சரக்கும் கரை சேர மசூலாப் படகுதான் கதி. ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அப்படியும் சரக்கு நனைவதும் கவிழ்வதும் சாதாரணம்.

பெரிய கப்பலுக்கே இந்தக் கதி என்றால், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து விறகு ஏற்றிவரும் சிறு படகின் நிலையை யோசியுங்கள். ஏற்றும் இடத்தில் ஒருமுறை, இறக்கும் இடத்தில் ஒருமுறை அலையைக் கடக்க வேண்டும். பாய் விரிக்கலாம் என்றால் பாதி வருடம் தென்மேற்கிலிருந்தும் பாதி வருடம் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம் வேறு. விறகுக்கும் உப்புக்கும் எடை அதிகம், விலை குறைவு. அவற்றுக்காக யாரும் இத்தனை ஆபத்தை விலைக்கு வாங்க மாட்டார்கள்.

இதே அலைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை கரையில் நேர்க்குத்தாக மோதுவதில்லை, சற்றுச் சாய்வாக வருகின்றன. ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும், இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணல் துகளும் கரையோரமாகச் சிறிது நகர்ந்துவிடும். இதைக் கரையோர மணல் நகர்வு என்று சொல்லலாம். தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வருகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படிச் சென்னையைக் கடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வு எப்படித் தெரியவந்தது? யாரும் திட்டமிடாத ஒரு பெரிய பரிசோதனையால். 1876இல் மதராஸ் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கி, கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தென்சுவரில் முட்டித் தேங்கியது. அதுவரை இன்றைய காமராஜர் சாலைக்கு மிக அருகில் இருந்த கடல் பின்வாங்கிக்கொண்டே போக, அகன்ற மெரினா உருவாயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரவு நின்றுபோனதால் ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இன்றுவரை அங்கே பாறாங்கற்களைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெற்கே சேர்ந்ததும் வடக்கே தேய்ந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த மணலுக்கும் கால்வாய்க்கும் நேரடி உறவு உண்டு. கரையோரம் நகரும் மணல் ஆறுகளின் வாயில் திட்டாகச் சேர்கிறது. திட்டுக்குப் பின்னால் நீர் தேங்கி உப்பங்கழியும் காயலும் உண்டாகின்றன. பழவேற்காடு ஏரியும் எண்ணூர்க் கழியும் இப்படிப்பட்ட கடலோர நீர்நிலைகள். கடலின் அலையை மணல்மேடு தடுத்துக்கொள்ள, உள்ளே நீர் அமைதியாகக் கிடக்கிறது. ஆக, கரைக்கு இணையான அமைதியான நீர்வழியை இயற்கையே துண்டு துண்டாக அமைத்து வைத்திருந்தது. துண்டுகளை இணைக்கும் வேலைதான் பாக்கி.

அதைத் தொடங்கியவர் அரசாங்கம் அல்ல, பேசில் காக்ரேன் என்ற வியாபாரி. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து மதராஸில் பெரும் பணம் சேர்த்தவர். நகரத்திலிருந்து எண்ணூர் வரையிலான முதல் துண்டு 1806இல் முடிந்தது. காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். (லண்டன் திரும்பிய பிறகு இவர் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை நடத்தினார். பாட்னாவில் பிறந்து, லண்டனில் முதல் இந்திய உணவகத்தைத் திறந்த ஷேக் தீன் முகமது அங்கேதான் வேலை பார்த்தார். தண்ணீரை வைத்துக் காசு பண்ணும் கலை மனிதருக்குக் கைவந்திருக்கிறது.) 1837இல் கால்வாயை அரசு எடுத்துக்கொண்டது. பிறகு அது பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டுகொண்டே போனது.

இப்போது இழுவைக்கு வருவோம். மணல் பாதையில் மாட்டுவண்டியை நகர்த்தும்போது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒரு குறைந்தபட்ச விசையைக் கொடுத்தே தீர வேண்டும். சக்கரம் மணலில் புதைந்து உரசும் அந்த உராய்வு, வேகத்தைக் குறைப்பதால் குறையாது. தண்ணீரின் குணம் வேறு. இடுப்பளவு நீரில் நடந்தவர்களுக்கு இது தெரியும். மெல்ல நடந்தால் தண்ணீர் வழி விடும், ஓட முயன்றால் ஆளையே நிறுத்திவிடும். நீர்த்தடை என்பது வேகத்தோடு சேர்ந்து ஏறுவது. வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். திருப்பிச் சொன்னால், வேகத்தைப் பாதியாக்கினால் தடை கால்பங்காகச் சுருங்கும். அவசரப்படாதவனுக்குத் தண்ணீர் ஏறக்குறைய இலவசமான சாலை.

இங்கிலாந்தில் கால்வாய்கள் செழித்த நாட்களில் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு குதிரை நல்ல சாலையில் வண்டி பூட்டி 2 டன் இழுக்கும், அதே குதிரை கால்வாய்ப் படகில் ஏறத்தாழ 50 டன் இழுக்கும். ஒரு மனிதரின் வலு குதிரையில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், தனியாளாக ஐந்தாறு டன்னை நடந்தே இழுத்துப் போய்விடலாம். மதராஸ் தோணிகளும் இப்படித்தான் நகர்ந்தன. கரையோரப் பாதையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடப்பார். படகிலிருப்பவர் நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளி, படகு கரையில் முட்டாமல் பார்த்துக்கொள்வார். காற்று வாகாக இருந்தால் பாயும் விரிப்பார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இப்படிச் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போன பயணத்தைப் பாடியதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் நிற்க வேண்டும். எதிர்நீரோட்டம் இருந்தால் படகோட்டி கரையைப் பொறுத்து நகராமலே நீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதனால் சரக்குக் கால்வாய்க்குச் சரிவு கூடாது. முடிந்தவரை சமமட்டமாக வெட்டுவதுதான் பொறியாளரின் திறமை. சோழமண்டலக் கடலோரச் சமவெளி இதற்கென்றே அமைந்தது போலிருந்தது. பல கிலோமீட்டர் போனாலும் தரைமட்டம் அவ்வளவாக மாறுவதில்லை. இந்தச் சமமட்டத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கால்வாயின் பின்னாளைய தொல்லைகளுக்கும் அதுவே வேர்.

கால்வாயில் மெதுவாகப் போவதன் அருமை, வேகமாகப் போக முயன்றபோதுதான் இன்னும் நன்றாகப் புரிந்தது. 1834இல் ஸ்காட்லாந்தின் யூனியன் கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற இளம் பொறியாளர் படகுகளின் வேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். குதிரைகள் இழுத்துவந்த ஒரு படகு சட்டென்று நின்றது. படகு நின்றாலும், அதன் முன்னால் திரண்டிருந்த நீர் நிற்கவில்லை. ஒற்றைத் திரளாக, உருக்குலையாமல் கால்வாயில் ஓடத் தொடங்கியது. ரஸ்ஸல் குதிரையில் ஏறி மைல் கணக்கில் அதைத் துரத்திப் போனார். வீட்டுக்குத் திரும்பி, தொட்டி கட்டி, அதே அலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கி அளந்தார். அந்த அலையின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீரின் ஆழம் என்று தெரிந்தது. ஒன்றரை மீட்டர் ஆழக் கால்வாயில் அது மணிக்கு 14 கிலோமீட்டர் அளவில் ஓடும். படகு அந்த வேகத்தை நெருங்கினால், தானே எழுப்பிய நீர்மேட்டின் மீது ஏற வேண்டிவரும், இழுப்பவர் பாடு திண்டாட்டம். நடை வேகத்தில் போகிறவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. தனியலை என்று பெயர் பெற்ற இந்த நீர்த்திரளைப் பற்றிய கணிதம் இன்று கண்ணாடி இழைத் தகவல் தொடர்பு வரை போய்விட்டது. ஆழம்தான் வேகத்தை ஆளும் என்ற விதி நமக்கு இன்னொரு இடத்தில் தேவைப்படும்.

சமமட்டமாக வெட்டினாலும் நீர் எங்கிருந்து வரும்? கடலிலிருந்து. கால்வாய் கோசஸ்தலையாற்றையும் கூவத்தையும் அடையாற்றையும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆற்றின் வாய் வழியே ஓதம் உள்ளே நுழையும். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான். இருந்தாலும் ஆழமில்லாத கால்வாய்க்கு அதுவே பெரிது. நீர் ஏறியிருக்கும்போது மிதந்த தோணி, வற்றியதும் தரைதட்டும். இதைச் சமாளிக்க ஆறுகளைச் சந்திக்கும் இடங்களில் லாக் எனப்படும் நீர்ப்பூட்டுகளைக் கட்டினார்கள். படகு நுழையும் அளவுக்கு ஒரு தொட்டி, அதன் இரு முனைகளிலும் கதவு. இரண்டையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஆற்றுப் பக்கக் கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு மூடுவார்கள். பிறகு சிறு மதகின் வழியாகத் தொட்டி நீரைக் கால்வாய் மட்டத்துக்கு ஏற்றியோ இறக்கியோ மறுகதவைத் திறப்பார்கள். ஆற்றில் நீர் வற்றினாலும் கால்வாயில் நீர் வற்றாது. சேப்பாக்கம் பக்கத்தில் கால்வாய்க் கரைக் குடியிருப்பு ஒன்றுக்கு இன்றும் லாக் நகர் என்றுதான் பெயர்.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான 8 கிலோமீட்டர் இணைப்பு மட்டும் நெடுநாள் வெட்டப்படாமலே இருந்தது. அதை வெட்ட வைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய தாதுவருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக 1877, 78இல் இந்தத் துண்டு தோண்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை முழுக் கால்வாய்க்கும் வைத்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 1877 தொடக்கத்தில், வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், மாகாணத்தின் நிவாரண வேலைகளில் கூலியைக் குறைத்தார். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு அரிசி என்பது 450 கிராம். அதிலிருந்து உடலுக்குக் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் ஆண் செலவழிப்பதோ 3,000 கலோரிக்கு மேல். பற்றாக்குறையை உடல் தன் தசையைக் கரைத்துத்தான் ஈடுகட்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை அப்போதே எதிர்த்து எழுதினார். அவர் கையில் கலோரி அட்டவணை கிடையாது, வேலையாட்களின் மெலிந்த உடல்களே அவருக்குச் சான்று. எதிர்ப்புக்குப் பிறகு கூலியைக் கூட்டினார்கள். கவர்னர் பெயர் நிலைத்த கால்வாயில் தோண்டியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

முழு வளர்ச்சியில் கால்வாய் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீண்டது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வடக்கே வேறு கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரை தோணியிலேயே போகலாம். வடக்கேயிருந்து சவுக்கு விறகு வந்தது. கேஸ் அடுப்புக்கு முந்தைய சென்னையின் சமையலறைகள் பெருமளவு இந்த விறகை நம்பியிருந்தன. எண்ணூர்ப் பக்க உப்பளங்களின் உப்பு கால்வாயில் வந்து சேர்ந்த கிடங்குப் பகுதிதான் சால்ட் கோட்டர்ஸ், இன்று அது ரயில்வே சரக்கு நிலையம். படகுகள் நின்ற நீர்த்தொட்டியின் நினைவாகவே பக்கத்தில் பேசின் பிரிட்ஜ். மயிலாப்பூரின் தண்ணித்துறை மார்க்கெட்டும் கால்வாய்த் துறையை ஒட்டி வந்தது என்பார்கள்.

பிறகு ஏன் நின்றது? 1899இல் மதராஸ் – விஜயவாடா ரயில் பாதை கால்வாய்க்கு ஏறக்குறைய இணையாகவே வந்துவிட்டது. அடுத்து லாரிகள் வந்தன. மெதுவாகப் போவதால் கிடைத்த மலிவு, காத்திருக்க நேரமில்லாத சந்தையில் செல்லாக்காசாயிற்று. ஆனாலும் விறகும் சுண்ணாம்புக்குச் சிப்பியும் 1960கள் வரை தோணியில் போய்க்கொண்டுதான் இருந்தன. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்து, மணலை உள்ளே தள்ளிக் கால்வாயைத் தூர்த்துவிட்டன. புயல் அதற்கு முன்னும் பலமுறை வந்ததுண்டு, அப்போதெல்லாம் வாரிச் செப்பனிட்டார்கள். இம்முறை செப்பனிட்டுப் பயன்படுத்தும் அளவுக்குச் சரக்கு மிச்சமில்லை.

சரக்கு நின்ற பிறகு கால்வாய்க்கு வேறு வேலை வந்தது. நகரம் அதை வடிகாலாக்கிக்கொண்டது. வெட்டியவர்களின் நோக்கமும் புதிய பயனும் நேர் எதிரெதிர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சாக்கடைக் குழாய் அமைப்பவர்கள் நீர் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல், முடிந்தால் முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடும்படி சரிவு கொடுப்பார்கள். அதற்குக் குறைந்தால் கசடு அடியில் தங்கிவிடும். சரக்குக் கால்வாயோ ஓடவே கூடாது என்று வெட்டப்பட்டது. கழிவுநீர் அதில் விழுந்தால் போக்கிடம் கிடையாது. ஓதம் ஏறும்போது உள்ளே தள்ளப்பட்டு, இறங்கும்போது அதே தூரம் திரும்புகிறது. ஊஞ்சலில் எத்தனை நேரம் ஆடினாலும் வாசலைத் தாண்டிப் போக முடியாது அல்லவா, கால்வாய் நீரின் கதையும் அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆடியும் அழுக்கு ஆற்றின் வாயை எட்டுவதில்லை.

நீர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் வேதியியல். நல்ல நீரிலேயே நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரையும். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதைச் சீக்கிரம் சுவாசித்துத் தீர்த்துவிடும். எவ்வளவு தீரும் என்பதைச் சோதிக்கும் முறை எளிமையானது. நீரைப் புட்டியில் காற்று புகாமல் அடைத்து, ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டு, சில நாள் இருட்டில் வைத்துவிட்டு மறுபடி அளப்பார்கள். குறைந்த அளவே அந்த நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. கால்வாய் நீரைப் பலமடங்கு நீர்க்கச் செய்துதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. இவை ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கும். கடல்நீரில் சல்ஃபேட் தாராளம், லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல். வெளியேற்றும் பொருள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கன்னங்கறுப்பான இரும்பு சல்ஃபைடு. கரையோர வீடுகளில் வெள்ளிக் கொலுசும் குத்துவிளக்கும் சீக்கிரம் மங்குவதற்கும் இந்த வாயு ஒரு காரணம். ஊருக்குள் ஓடும் நன்னீர்ச் சாக்கடையைவிடக் கடல்நீர் கலக்கும் கால்வாய் அதிகம் நாறுவது இதனால்தான். கடல் சல்ஃபேட்டைக் கொடுக்கிறது, நகரம் கழிவைக் கொடுக்கிறது, சரிவின்மை இரண்டையும் சேர்த்து ஊற வைக்கிறது.

கடல் தாராளமாக உள்ளே வந்து போனால் ஆக்சிஜனும் வரும், நிலைமை மேம்படும். அதற்குத்தான் முகத்துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். முன்பு பார்த்த மணல் நகர்வு இங்கே திரும்ப வருகிறது. கோடையில் கூவத்திலும் அடையாற்றிலும் நீர்வரத்து வற்றும்போது, கடல் மணல் ஆற்றின் வாயை அடைத்துவிடும். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் தேங்குவதால் கூவத்தின் வாய்க்குக் கூடுதல் தொல்லை. பொக்லைன் இறக்கி வெட்டிவிடுகிறார்கள், அலை திரும்ப நிரப்புகிறது.

நகரத்துக்குள் இன்னொரு சுமையும் ஏறியது. பறக்கும் ரயிலுக்குத் தனியாக நிலம் எடுப்பதைவிடக் கால்வாயின் மேலும் கரையிலும் தூண் நடுவது எளிதாக இருந்தது. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடிய ரயில் 1997இல் திருமயிலைக்கும், பிறகு திருவான்மியூர், வேளச்சேரிக்கும் நீண்டது. பல நிலையங்கள் கால்வாயின் மேலேயே நிற்கின்றன. நீரோட்டத்தின் குறுக்கே தூண் நின்றால் அதன் பின்னால் நீர் வேகமிழந்து வண்டலைப் போட்டுவிடும். ஏற்கெனவே ஓடாத நீரில் இதுவும் சேர்ந்தால் என்னாகும் என்று பொறியாளர்களுக்குத் தெரியாமலிருந்திருக்காது. ரயில் வேண்டும்தான். ஆனால் நகரத்தின் நீர்வழியை யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காக நினைத்த மனநிலை அந்தத் தூண்களில் தெரிகிறது.

தெற்கே விஷயம் இன்னும் கடுமை. பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, வெள்ளம் சரிவற்ற கால்வாயில் பல கிலோமீட்டர் தெற்கே ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஓதம் ஏறியிருந்தால் அதுவும் நடக்காது. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களை மழை சூழும்போதெல்லாம் இந்தக் கணக்கு வெளிவருகிறது.

2004 டிசம்பர் 26 அன்று அதே கால்வாய் வேறொரு முகத்தைக் காட்டியது. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். ரஸ்ஸல் கால்வாயில் துரத்திய அலைக்கும் இதற்கும் விதி ஒன்றே. வேகம் குறைந்தாலும் அந்த நீர்ப்பெருக்கு நிலத்தில் ஏறி உள்ளே பாய்ந்தது. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வு ஒன்று, பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாய் இந்த நீரை வாங்கிக்கொண்டு தாங்கியது என்றும், சில இடங்களில் வழிந்தாலும் 10, 15 நிமிடங்களில் நீர் கடலுக்குத் திரும்பியது என்றும் பதிவு செய்திருக்கிறது. கொள்ளளவு மட்டுமே இதை விளக்காது என்பது என் எண்ணம். 30 மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமுமுள்ள பள்ளத்தை அவ்வளவு பெரிய நீர்ப்பெருக்கு ஒரு நிமிடத்துக்குள் நிரப்பிவிடும். தோண்டிய மண்ணைக் கொட்டிய கரைமேடுகள் வேகத்தை முறித்ததும், உள்ளே விழுந்த நீர் நிலத்துக்குள் பாயாமல் பக்கவாட்டில் பரவ வழி கிடைத்ததும் சேர்ந்தே உதவியிருக்க வேண்டும். கடலுக்கு இணையாக ஓடியதால்தான் இரண்டும் சாத்தியமாயின.

2008இல் காக்கிநாடா – புதுச்சேரி நீர்வழியை, கோதாவரி, கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகளோடு சேர்த்து, தேசிய நீர்வழி 4 என்று மத்திய அரசு அறிவித்தது. முதற்கட்ட வேலைகள் கிருஷ்ணா ஆற்றில் தொடங்கின. அறிவிப்பு வரும்போதெல்லாம் சென்னையில் மறுபடி படகு விடுவது பற்றிப் பேச்சு எழுகிறது. எண்ணூருக்கு வடக்கேயும் முட்டுக்காட்டுக்குத் தெற்கேயும் அது நடக்கலாம், அங்கே அகலமும் நீரும் இருக்கின்றன. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே தூண்களும் தாழ்ந்த பாலங்களும் உள்ளவரை சரக்குப் படகு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்தத் துண்டை ஓதம் வந்து போகும் கழியாகவும் வெள்ளம் வடியும் வழியாகவும் நடத்தினால் போதும். அதற்கு ஆழம் வேண்டும், வருடம் முழுக்கத் திறந்த முகத்துவாரம் வேண்டும், கரையிலிருந்து விழும் கழிவுநீர்க் குழாய்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். நடைபாதையும் பூச்செடியும் அதற்குப் பிறகு வரட்டும்.